சுவரில் இருந்த ரொட்டி

என் தங்கச்சி சோலையம்மாளுக்குச் சமைக்கத் தெரியாது. இதை அவள் புருசன் முனியராஜ் கல்யாணமான மறுவாரமே என்னிடம் சொல்லிவிட்டான். "மச்சான், உங்க தங்கச்சி வைக்கிற கொளம்புல மீனு இன்னும் நீந்திக்கிட்டுத்தான் இருக்கு. எறங்கிப் பிடிக்கணும்" என்றான். அவள் அடுப்படியிலிருந்தே கரண்டியை வீசினாள். அது என் முழங்காலில் பட்டது.

குறை அவளுடையது மட்டுமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னப் போனவள். காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் ஒரு சோறு, ஒரு குழம்பு, கிடைத்தால் ஒரு முட்டை. ருசி பார்த்து உப்புப் போட யாருக்கு நேரம் இருந்தது? முனியராஜும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் பஸ் ஏறி விருதுநகர் போய் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது எனக்குச் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வரும். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முனியராஜ், "எனக்கு இவ ஒருத்திய வளக்கிறதே போதும்" என்பான்.

என் பெயர் ஊர்க்காவலன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷமாக ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கலர் மயிரிழை தள்ளி விழுந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டு எதிரே இருப்பவனைத் திட்டுவேன். அச்சடித்த நல்ல ஷீட் ஒன்றுகூட என் கையால் வெளியே போனது கிடையாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டு அட்டை போட என்று பலரும் எடுத்துப் போவார்கள். நான் தொட மாட்டேன். வேஸ்ட் ஷீட் வேறு கணக்கு. அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனி மாதம், தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில், அவர்கள் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. நான்கு பேர் அங்கேயே போய்விட்டார்கள். முனியராஜ் வாசலுக்கு வெளியே நின்றிருந்ததால் பிழைத்தான். பிழைத்தான் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். கழுத்தும் மார்பும் முகத்தின் கீழ்ப்பாதியும் வெந்துபோயிருந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் இருந்தான். வீட்டுக்கு வந்தபோது மோவாய் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் சுருங்கி, ஒரு ஸ்பூன் மட்டும் படுக்கைவாட்டில் நுழையும் அளவுக்கு இருந்தது. எடை முப்பத்தெட்டுக் கிலோ.

டாக்டர் சோலையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது எனக்குத் தெரியும், நானும் கூட நின்றேன். கழுத்தையும் வாயையும் ஆபரேஷன் செய்து விடுவிக்கலாம். ஆனால் இந்த உடம்பு தாங்காது. ஐம்பது கிலோ ஆக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், செய்கிறேன் என்றார். அவள் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, "அம்பதுன்னா இன்னும் பன்னெண்டுதானண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஆனால் முனியராஜ் சாப்பிட மாட்டேன் என்றான். ஐந்து மாதமும் ஆஸ்பத்திரியில் கஞ்சிதான் குடித்திருக்கிறான். கஞ்சி டம்ளரைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வான். சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் வாயோரம் வழியும், அது அவனுக்கு அவமானம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பால்கோவா வாங்கி வந்து கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை எறும்பு தின்றது.

ஷீட் கதை இங்கேதான் வருகிறது. அவன் கட்டிலை ஒட்டிய சுவர் காரை பெயர்ந்து, சுண்ணாம்பு உதிர்ந்து புண்ணில் விழுந்துகொண்டிருந்தது. "அண்ணே, வளவளன்னு இருக்கிற பேப்பரா ஒரு கட்டு வேஸ்ட் கொண்டாங்க, செவத்துல ஒட்டிருவோம்" என்றாள். அப்போது எங்கள் மிஷினில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கெங்கே யார் யார் வீட்டில் என்னென்ன சமைக்கிறார்கள் என்று ஒரு பெரிய படப் புத்தகம். அதில் கெட்டுப்போன ஷீட்டுகளைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மைதாப் பசை காய்ச்சி அவளே ஒட்டினாள்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுடையது இரண்டு கலர் மிஷின். முதல் ஓட்டத்தில் கறுப்பும் சிவப்பும் அடிப்போம். பிறகு அதே ஷீட்டைத் திரும்ப ஏற்றி நீலமும் மஞ்சளும் அடிப்போம். நான் கொடுத்தது முதல் ஓட்டத்து வேஸ்ட். அதனால் சுவரில் இருந்த சமையல் முழுக்கச் சிவப்பாகவும் ரோஸாகவும் இருந்தது. இன்னொன்று, ஷீட்டின் பின்பக்கம் அப்போது வெள்ளை. பின்பக்கத்தை வேறொரு நாள்தான் அடிப்போம். ஒரு பதார்த்தம் முன்பக்கத்தில் ஆரம்பித்துப் பின்பக்கத்தில் முடியும் என்றால், சோலையம்மாள் வீட்டுச் சுவரில் அதன் ஆரம்பம் மட்டும்தான் இருந்தது.

கழுத்தைத் திருப்ப முடியாத மனிதனுக்குக் கண் போகும் இடம் அந்தச் சுவர் ஒன்றுதான். பத்து நாள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பதினோராம் நாள் விரலை நீட்டி, "அது என்ன புள்ள?" என்று கேட்டான். உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டு வைத்திருந்த படம். அவள் ஃபோனை எடுத்து ஷீட்டுக்கு நேரே பிடித்தாள். அந்த ஃபோன் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழாக்கிக் காட்டும், பாதி புரியும், பாதி புரியாது. புரிந்தவரை செய்தாள். நாலு ஸ்பூன் சாப்பிட்டான். வெடித்த நாளிலிருந்து அவன் தானாகக் கேட்டுச் சாப்பிட்டது அதுதான் முதல். அன்றைக்கு எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். நான் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று கத்தினேன்.

அதற்கப்புறம் அவள் வேலைக்கே போகவில்லை. சுவர்தான் வேலை. அடுப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றினாள், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே முனியராஜுக்கு உடம்பு நடுங்கும் என்பதால். குக்கர் விசில் ஆகாது. அதனால் எல்லாவற்றையும் இட்லிச் சட்டியில் அவித்தாள். கொண்டக்கடலையையும் எள்ளையும் அரைத்து அரபு தேசத்து விழுது செய்தாள். ஜப்பான்காரர்கள் மாதிரி முட்டையைக் கிண்ணத்தில் அவித்தாள். எங்கள் தெருவில் யாருக்கும் பெயர்கூடச் சொல்ல வராத நாடுகளின் சூப்பெல்லாம் அந்தத் தகரக் கொட்டகையில் கொதித்தது.

மறுபாதி இல்லாததால் அவளே முடித்து வைப்பாள். அவள் முடிக்கும் விதம் இருக்கிறதே! பால், முட்டை, சீனி என்று ஒரு பக்கம் சாமான் பட்டியல் இருந்தது. படத்தில் புட்டு மாதிரி வழுவழுப்பாக ஒன்று, மேலே மட்டும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக. எல்லாம் ரோஸ். சீனியைக் கருக்கிப் பாகாக ஊற்றுவது என்பது பின்பக்கத்தில் இருந்த விஷயம், அவளுக்கு எப்படித் தெரியும்? பீட்ரூட்டைச் சாறு பிழிந்து பால், முட்டையோடு கலந்து அவித்தாள். மேலே பீட்ரூட் அல்வா வைத்தாள். நான் போனபோது முனியராஜ் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ தாயி, இந்தப் படம் நெசத்துல மஞ்சளா இருக்கும். மஞ்சள் கலர் இன்னும் அடிக்காத ஷீட்டு இது" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. முனியராஜ்தான் பதில் சொன்னான். வார்த்தை குழறும், ஆனால் கிண்டல் மட்டும் வெந்துபோகவில்லை. "மச்சான், உங்க கம்பெனிக்காரக தப்பா அடிச்சாலும் எம் பொண்டாட்டி சரியாச் செஞ்சிருக்கா. இது ரோஸுதான். போங்க."

அந்த ரோஸ் புட்டு வாரத்துக்கு நாலு நாள் வந்தது. மாதம் ஒரு தடவை அவனை ஆட்டோவில் கூட்டிவந்து, எங்கள் அச்சகத்தை அடுத்த பழைய பேப்பர் குடோனில் எடை போடுவோம். வேஸ்ட் கட்டுகளை நிறுக்கிற பெரிய தராசு. அதில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பேன். "பாத்து மச்சான், வேஸ்ட்டோட வேஸ்ட்டா லாரியில ஏத்திறாதீக" என்பான். நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்தாறு. குடோன் ஆட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்ப்பார்கள். ஆடி மாதம் நாற்பத்தெட்டரை வந்தது. சோலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போலக் குதித்தாள். டாக்டரிடம் பேசினோம், புரட்டாசியில் கூட்டி வாருங்கள் என்றார்.

இதற்கு நடுவில் அவள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. "அண்ணே, பின்பக்கத்து ஷீட்டும் கொண்டாங்களேன். முழுசாத் தெரிஞ்சா இன்னும் நல்லாச் செய்வேன்."

பின்பக்கத்து வேஸ்ட் முழுவதும் அதற்குள் லோடு ஏறிப் போயிருந்தது. இருந்தது நல்ல ஷீட்டும், அலமாரியில் வைத்திருந்த ஒரு மாதிரிப் புத்தகமும்தான். "வெளிநாட்டு ஆர்டர். நல்லது ஒண்ணுகூட வெளிய வராது" என்றேன். "அப்ப ஃபோன்லயாவது பிடிச்சுக் குடுங்க" என்றாள். "ஏன், உன் ஃபோன்ல இல்லாத சமையலா? அங்கன பாத்துச் செய்யி" என்று எரிந்து விழுந்தேன். "ஃபோன்ல ஆயிரம் இருக்குண்ணே. அவுக கேக்கிறது செவத்துல இருக்கிறத" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியைத் திறந்து, ஒரு பக்கத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போக எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் செய்யவில்லை. ஒழுங்கு என்று அப்போது நினைத்தேன். திமிர் என்று இப்போது தெரிகிறது.

சுவரின் மேல் மூலையில் ஒரு ரொட்டி இருந்தது. பெரிய உருண்டை ரொட்டி, மேலே வெடித்து, குறுக்கே கீறல் விழுந்து, செக்கச்செவேல் என்று. முதல் நாளிலிருந்தே முனியராஜின் கண் அதன் மேல்தான். மசித்தது, அவித்தது, அரைத்தது எல்லாம் சாப்பிட்டுச் சலித்துப்போயிருந்தான். "ஒரே ஒரு தடவ எதையாச்சும் கடிக்கணும் புள்ள. பல்லு இருக்கிறதே மறந்துருச்சு" என்று அவளிடம் கெஞ்சினான். ஆபரேஷன் முடியட்டும், விருதுநகருக்கே போவோம் என்று அவள் தட்டிக்கழித்தாள். அவன் விடவில்லை. ஆவணியில் சம்மதித்தாள். நாற்பத்தெட்டரை வந்த சந்தோஷத்தில் அவளுக்கும் ஒரு துணிச்சல்.

மைதா என்றால் எங்கள் ஊரில் பசை. அவள் கை அப்படியே பழகிப்போனது. முதல் தடவை மைதாவைத் தண்ணீர் விட்டு அடுப்பில் காய்ச்சி எடுத்துவிட்டாள். அந்தப் பசையை வைத்துச் சுவரில் கிழிந்த இரண்டு ஷீட்டை ஒட்டினாள், முனியராஜ் விழுந்து விழுந்து சிரித்தானாம். இரண்டாம் தடவை பேக்கரியில் கேட்டு ஈஸ்ட் வாங்கி வந்து முறையாகப் பிசைந்தாள். பழைய அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, மூடி போட்டு, மேலே கங்கு வைத்துச் சுட்டாள். ஷீட்டைப் பார்த்து ஃபோன் காட்டியது இவ்வளவுதான்: மேலோடு நன்றாகக் கெட்டியாகும் வரை சுடவும், இறக்கி வைக்கவும், பிறகு. அந்தப் 'பிறகு'வோடு பக்கம் முடிந்துவிட்டது.

ரொட்டி படத்தில் இருந்த மாதிரியே வந்தது. தெருவே மணத்தது என்று அடுத்த வீட்டு இருளம்மாள் என்னிடம் சொன்னாள். கல் மாதிரி இருந்த மேலோட்டை உடைத்து, உள்ளிருந்து சின்னத் துண்டாகத்தான் சோலையம்மாள் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மேலோட்டுத் துண்டை எடுத்துக் கடைவாய்க்குக் கொடுத்துக் கடித்தான். வாயின் இடது ஓரம் கிழிந்தது.

ரத்தம் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டேதான் இருந்தானாம். "சத்தம் கேட்டுச்சா புள்ள? மொறுக்குன்னு" என்றானாம். நாலாம் நாள் அந்த இடம் வீங்கியது. ஸ்பூன் நுழையவில்லை. காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூக்கில் குழாய் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இல்லை, இது எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும், அந்தக் காயத்தால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்ல மனுஷன். அவர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். புரட்டாசி முதல் வாரம், ஆபரேஷனுக்குச் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்னால், முனியராஜ் போய்விட்டான்.

இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ விதமாக அழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அழவில்லை. சாப்பிடவும் இல்லை. கடுங்காப்பி மட்டும் குடித்தாள். இருளம்மாள் சோற்றைப் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனால் முனியராஜ் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நாளில் சேலை உடம்பில் நிற்கவில்லை. இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனிக்குப் போனேன். மத்தியானம் அலமாரியைத் திறந்து அந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பைக்குள் வைத்தேன். அவளுக்கு முழுப் புத்தகமும் கொடுத்தால் மறுபடி சமைப்பாள், சமைத்தால் ஒரு வாய் தின்பாள் என்று ஒரு நினைப்பு. வீட்டில் வைத்துப் புரட்டினேன். ரோஸ் புட்டு மஞ்சளாக, மேலே பழுப்புப் பாகோடு இருந்தது. ரொட்டிப் பக்கம் வந்தது. திருப்பி, பின்பக்கத்துக்கு நேரே என் ஃபோனைப் பிடித்தேன்.

பிறகு மூன்று நாள் காய விடவும். காய்ந்த ரொட்டியை உடைத்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றில் போட்டு, கூழாகும் வரை ஊற விடவும். பல் இல்லாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கொடுப்பதற்காக அந்த ஊர் வீடுகளில் செய்வது.

கீழே ஒரு கிண்ணத்தின் படம். ஒரு ஸ்பூன் அதில் நின்றது. அந்தப் பக்கத்தை அடித்தவன் நான்தான். கலர் ஒரு இம்மிகூடத் தள்ளவில்லை.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். இருளம்மாள் வீட்டில் சோறாக்கினார்கள். நான் சாத்தூர் சேவு வாங்கிப் போனேன். சோலையம்மாள் எழுந்து கொட்டகைக்குப் போய் ரோஸ் புட்டு மட்டும் செய்து கொண்டுவந்து இலையில் வைத்தாள். கும்பிட்டு முடித்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அவளும் நானும் மட்டும் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தோம். புத்தகம் என் மடியில் பைக்குள் இருந்தது. அதை என்ன செய்வது என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை.

அவள் சுவரின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா? அந்த ரொட்டிக்குப் பின்பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு?"

நான் மடியில் இருந்த பையின் வாயை மடித்தேன்.

"எனக்கு ராவும் பகலும் இது ஒண்ணுதான் ஓடுது. 'பிறகு'ன்னு நின்னுச்சு. பிறகு வேற என்னமோ செய்யச் சொல்லியிருக்கும். நான் அது தெரியாமக் குடுத்துட்டேன். நானே அவுகள…"

"பாத்தேன் தாயி" என்றேன். "கம்பெனியில எடுத்துப் பாத்துட்டுத்தான் வாரேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். பதினாறு நாளில் அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பிறகு ஆற வச்சு, பிச்சுக் குடுக்கணும்னு போட்டிருக்கு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இல்ல. நீ செஞ்சது சரிதான்."

"நெசமாவா?"

"நெசம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அவள் தோள் இறங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், நிறைய நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, படையல் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்பூனால் அந்த ரோஸ் புட்டில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் எடுத்தாள்.

"நீங்களும் சாப்பிடுங்கண்ணே" என்று பாதியை என் பக்கம் தள்ளினாள்.

பையை மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஸ்பூனை வாங்கினேன். ஒரு வாய் எடுத்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் விழுங்கினேன்.